கை உயர்த்தாத இரண்டு வரிசைகள்

போன கிழமை பிருந்தா எனக்குத் தொலைபேசி எடுத்தார். உங்களோடு சேர்ந்து இந்த ஆண்டுதான் கணக்காளர் பரீட்சையை முடித்தவர். உங்களில் பலருக்கு அவரைத் தெரிந்திருக்கும்.

"அன்ரி, எங்கட ஊர்ச் சங்கத்திலை என்னை ஓடிற்றரா எலெக்ட் பண்ணப்போகினமாம். வேர்க் ஒண்டும் இல்லையாம். வருசக் கடைசியிலை ஒரு சைன் மட்டும்தானாம். ஐ மீன், ஓம் எண்டு சொல்லட்டோ?"

கணக்காய்வாளர் பதவிதான். எந்தச் சங்கம் என்று கேட்டேன். சொன்னார். எனக்கு அந்த நிமிடமே ஏறிக்கொண்டு வந்தது. பிள்ளை மேல் கோபமில்லை. 'ஒரு கையெழுத்து மட்டும்தான்' என்று அவரிடம் வாய் கூசாமல் சொன்னவர்கள் மேல்தான் கோபம். பிறகு சொல்கிறேன் என்று வைத்துவிட்டேன். தொலைபேசியில் சொன்னால் கத்திவிடுவேன் என்று பயம். அதனால் எழுதுகிறேன். பிருந்தாவுக்கு மட்டுமல்ல, தொழிலுக்குப் புதிதாக வந்திருக்கும் உங்கள் எல்லோருக்கும்தான்.

வரிச் சட்டத்தைப் பற்றியோ கணினியைப் பற்றியோ நான் உங்களுக்குச் சொல்ல ஒன்றும் இல்லை. அதெல்லாம் நீங்கள் என்னைவிட நன்றாகப் படித்திருக்கிறீர்கள். நான் ஸ்காபரோவில் ஒரு பிளாசாவின் மேல்மாடியில் அலுவலகம் வைத்திருந்தவள். கீழே மீன்கடை. என் கோப்புகளிலெல்லாம் பாரை மீன் வாசம் அடிக்கும் என்று வாடிக்கையாளர்கள் பகிடி பண்ணுவார்கள். அந்த மேல்மாடியிலும், அதற்கு முன் நகர மையத்தில் சம்பளத்துக்கு இருந்த நிறுவனத்திலும் நான் கற்றது ஒன்றே ஒன்றுதான். கணக்கைப் பார்ப்பவருக்கு, பார்க்கப்படுகிறவரிடம் எந்தக் கடமைப்பாடும் இருக்கக் கூடாது.

அதை எனக்குக் கற்றுத்தந்தது ஒரு வான்கோழி. நகர மைய நிறுவனத்தில் சேர்ந்த புதிதில், நான் கணக்குப் பார்த்துக்கொண்டிருந்த இறைச்சித் தொழிற்சாலையின் உரிமையாளர் நத்தார்ப் பண்டிகைக்கென்று ஓர் உறைந்த வான்கோழியைத் தந்தார். எனக்குப் பெரிய புளுகம், தலைகால் தெரியாத சந்தோசம். பிரட்டல் கறிக்குத் தூள் இருக்கிறதா பாருங்கோ என்று கணவருக்குத் தொலைபேசி எடுத்துச் சொல்லியும்விட்டேன். அலுவலகத்துக்குள் அதைக் காவிக்கொண்டு போக, எனக்கு மேலே இருந்த வெள்ளைக்கார அம்மையார் கண்ணாடிக்கு மேலால் பார்த்தார். திருப்பிக் கொடுத்துவிட்டு வா என்றார்.

நல்ல மனதோடுதான் தந்தார் என்றேன். "நல்ல மனதுதான். கரைச்சலும் அதுதான். அடுத்த கிழமை நீ அவரிடம் ஒரு சங்கடமான கேள்வி கேட்க வேண்டியிருக்கிறது. அப்போது இந்தக் கோழி உனக்கு ஞாபகம் வரும். உனக்கு வராவிட்டாலும் அவருக்கு வரும்" என்றார் அவர்.

மடியில் அந்த வான்கோழியை வைத்துக்கொண்டு பஸ்ஸில் திரும்பிப் போனேன். குளிர்கால மேலங்கியையும் தாண்டித் தொடை விறைத்தது. உரிமையாளர் முகத்தைத் திருப்பிக்கொண்டார். அம்மையாரை வழி முழுக்க மனதுக்குள் திட்டினேன். ஆனால் அடுத்த கிழமை அந்தக் கேள்வியைக் கேட்டபோது எனக்கு ஒரு கோழியும் ஞாபகம் வரவில்லை.

இனி, ஊரை விட்டு இங்கே வந்த நாங்கள் ஊர்ப் பெயரில் நடத்தும் சங்கங்களுக்கு வருகிறேன். அமெரிக்காவில் சில மாநிலங்களில் கணக்காய்வாளரைச் சனம் வாக்குப் போட்டுத்தான் தெரிவு செய்கிறதாம். எங்கள் ஊர்ச் சங்கங்களின் யாப்பிலும், அதாவது சங்க விதிகளிலும், அப்படித்தான் இருக்கிறது. நடக்கிற விதம்தான் வேறு. தலைவர், செயலாளர், பொருளாளர் பதவிகள் எல்லாம் பங்கிட்டு முடிந்து, வடை ஆறிக்கொண்டிருக்கும் நேரத்தில், பதவி கிடைக்காமல் முகத்தைத் தொங்கப்போட்டிருக்கும் யாரையாவது தேடிப்பிடித்துக் கணக்காய்வாளர் ஆக்குவார்கள். ஒருவர் முன்மொழிவார். பக்கத்துக் கதிரை வழிமொழியும். ஏகமனதாகத் தெரிவு என்று எழுதிவிட்டுச் சனம் தேத்தண்ணிக்கு எழும்பிவிடும். அந்தப் பதவிக்குப் போட்டி வந்ததை என் வாழ்நாளில் ஒரேயொரு தடவைதான் கண்டேன். தொண்ணூறுகளில், பிருந்தா சொன்ன அதே சங்கத்தில். போட்டியிட்டவள் நான்.

அப்போது சங்கத்தின் பொருளாளர் மலர். முதியோர் இல்லமொன்றின் சமையலறையில் வேலை. மல்வேர்னில் வாடகைக்கு இருந்தார், விடிய முதல் பஸ்ஸில் போய்விடுவார். அந்தப் பதவிக்கு ஒரு பெண் வந்தது அதுதான் முதல் தடவை. வந்த உடனேயே ஒரு ஒழுங்கு வைத்தார். பற்றுச்சீட்டு இல்லாவிட்டால் காசோலை இல்லை. ஒருமுறை கலைவிழாவுக்கு ஒலிபெருக்கி எடுத்த செலவைத் தலைவர் வாயால் மட்டும் சொன்னார்.

"பற்றுச்சீட்டுத் துண்டைத் தாங்கோ அண்ணை" என்றார் மலர்.

"ஏன், என்னிலை நம்பிக்கை இல்லையோ?"

"நம்பிக்கைக்குத் துண்டு கேக்கேல்லை அண்ணை. கணக்குக்குத்தான் கேக்கிறன்."

நிர்வாகக் கூட்டத்தில் எல்லோருக்கும் முன்னால் நடந்த கதை இது. தலைவர் அதை மறக்கவில்லை. அவர் வீடு வாங்கி விற்கும் முகவர். கொஞ்ச நாளில் மலர் இரண்டாவது குற்றத்தையும் செய்தார். அவரும் கணவரும், கணவரின் தம்பி குடும்பமும் சேர்ந்து வசதியானவர்கள் இருக்கும் மார்க்கம் நகரில் ஒரு வீடு வாங்கினார்கள். வேறொரு முகவரிடம் வாங்கினார்கள். அது போதாதா?

முதியோர் இல்லத்தில் மரக்கறி வெட்டுகிறவளுக்கு மார்க்கத்தில் வீடு எப்படி வந்தது என்ற கேள்வி யாருடைய வாயில் தொடங்கியதோ தெரியாது. தமிழ்ப் படம் வாடகைக்கு எடுக்கும் வீடியோக் கடையில் கேட்டது, கலியாண மண்டபத்தில் கேட்டது. அந்த வீட்டுக்குள் எத்தனை பேருடைய உழைப்பு இருக்கிறது என்று ஒருவரும் விசாரிக்கவில்லை. கடைசியில் மலரின் மகளிடம் சனிக்கிழமைத் தமிழ் வகுப்பில் இன்னொரு பிள்ளை கேட்டிருக்கிறது, உன்ரை அம்மா சங்கக் காசிலையோ வீடு வாங்கினவ என்று. அந்தப் பிள்ளை அதை எந்தச் சாப்பாட்டு மேசையில் கேட்டிருக்கும் என்று நினைத்துப் பாருங்கள்.

அந்த நேரம் பார்த்துக் கணக்காய்வாளராக இருந்தவர் வேலை மாற்றலாகி வேறு மாகாணத்துக்குப் போய்விட்டார். அந்த ஆண்டின் கணக்கைப் பார்க்கப் புதிதாக ஒருவரை விசேட பொதுக்கூட்டம் கூட்டித் தெரிவு செய்ய வேண்டும். தலைவர் தன் சகலனை, மனைவியின் தங்கையைக் கட்டிய சிவனேசனை, நிறுத்தப்போவதாகக் கதை வந்தது. சிவனேசனுக்கு வீடியோக் கடை. நல்ல மனிதர்தான். ஆனால் அவருடைய சொந்தக் கடைக் கணக்கையே நான்தான் ஆண்டுதோறும் செய்து கொடுத்துக்கொண்டிருந்தேன்.

மலர் வேலை முடிந்து, சீருடையோடேயே என் மேல்மாடிக்கு வந்தார்.

"அக்கா, நீங்கள் நில்லுங்கோ. எனக்குச் சாதகமா எழுதச் சொல்லிக் கேக்கேல்லை. ஆராவது ஒழுங்காப் பாத்து ஒரு முடிவைச் சொல்லுங்கோ. கள்ளியெண்டால் கள்ளியெண்டு எழுதுங்கோ. என்ரை பிள்ளைக்கு நான் ஒரு பதில் சொல்ல வேணும்."

"நிண்டால் ஆர் எனக்கு வோட் போடுவினம்?"

"எங்கட ஆக்கள் மட்டும் காணும் அக்கா. இவரின்ரை பக்கம், என்ரை பக்கம் எல்லாரையும் வானிலை ஏத்திக்கொண்டு வாறன். நீங்கள் வெல்லுறது நிச்சயம்."

அங்கேதான் எனக்கு வான்கோழி ஞாபகம் வந்தது. யாருடைய கணக்கைப் பார்க்கப் போகிறேனோ அவருடைய வானில் ஏறி வந்த வாக்குகளில் நான் வென்றால், பிறகு நான் எழுதும் எந்த வசனத்துக்கு என்ன மதிப்பு? சரி என்று எழுதினால் அவ ஏத்திவிட்ட ஆள்தானே என்பார்கள். அப்படி அவர்கள் சொன்னால் அது நியாயமாகவும் இருக்கும். அதைத்தான் என்னால் தாங்க முடியாது.

"நிக்கிறன். ஆனால் உம்மடை ஆக்கள் ஒருத்தரும் எனக்குக் கை உயர்த்தக் கூடாது. மற்றவருக்கும் உயர்த்த வேண்டாம். சும்மா இருக்கட்டும்" என்றேன்.

மலருக்கு விளங்கவில்லை. பிறகு விளங்கியது. அதன் பிறகு கோபம் வந்தது. "அப்ப தோக்கிறதுக்கோ நிக்கப்போறியள்?" என்று கேட்டார். மற்றச் சனம் மனச்சாட்சியோடு வாக்களித்தால் வெல்லலாம் என்றேன். அவர் என்னைப் பார்த்த பார்வையில் மனச்சாட்சி என்ற சொல்லை அவர் நம்பவில்லை என்று தெரிந்தது. ஆனாலும் தலையாட்டிவிட்டுப் பஸ்ஸுக்கு ஓடினார்.

கூட்டத்துக்கு முன்பே சமாதானம் வந்து கதவைத் தட்டியது. சங்கத்தின் போசகர், அதாவது புரவலர், ஊரில் தபாலதிபராக இருந்தவர், எல்லோரும் ஐயா என்று கூப்பிடும் பெரியவர், என் அலுவலகத்துக்கு மாடிப்படி ஏறி வந்தார். மூச்சு வாங்கி முடித்துவிட்டுச் சொன்னார்.

"பிள்ளை, ஒரு ஊர்ச் சனம். ஏன் இந்தப் போட்டி? நீர் விலகும். சிவனேசன் வரட்டும். கணக்குச் சரி எண்டு அவர் எழுதித் தருவார், அதுக்கு நான் பொறுப்பு. மலர் பேந்து, கொஞ்ச நாளாலை, சுகமில்லை எண்டு சொல்லிப் பதவியை விடட்டும். காதும் காதும் வைச்ச மாதிரி முடிஞ்சிடும்."

"ஐயா, கணக்குச் சரியெண்டால் அவ ஏன் விலக வேணும்? பிழையெண்டால் ஏன் சரியெண்டு எழுத வேணும்?"

"உது வக்கீல் கதை" என்றார் அவர். "நான் சமாதானத்துக்கு வந்தனான்."

இதுதான் எங்கள் வழக்கம். தொழிலில் நீங்கள் திரும்பத் திரும்பச் சந்திக்கப்போவதும் இதைத்தான். ஒருவரைத் திருடர் என்று ஊர் முழுக்கச் சொல்வார்கள். அதை நிரூபி என்று கேட்டால், பிரச்சினையை வளர்க்காதே என்பார்கள். நிரூபிக்காமல் விட்டதைப் பெருந்தன்மை என்பார்கள். அழுக்கைத் துடைக்க மாட்டார்கள், மேலால் பூசி மெழுகிவிட்டுச் சமாதானம் என்று பெயர் வைப்பார்கள். அந்தச் சொல்லைக் கேட்டாலே எனக்கு இன்றைக்கும் பற்றிக்கொண்டு வரும். விலக மாட்டேன் என்றேன். ஐயா தேத்தண்ணியைக் குடிக்காமலே எழும்பிப் போனார்.

கூட்டம் ஒரு பாடசாலையின் உடற்பயிற்சி மண்டபத்தில், ஞாயிறு பின்னேரம் நடந்தது. வழமைபோல் தாமதமாகத் தொடங்கியது. மௌன அஞ்சலி முடிந்ததும் மண்டபத்தைப் பார்த்தேன். எங்கள் கூட்டங்களில் யார் எங்கே இருப்பார்கள் என்று எழுதி ஒட்டத் தேவையில்லை. குடும்பம் குடும்பமாகத்தான் வரிசை. யார் வீட்டு ஆட்கள் எந்தப் பக்கம் என்று கண்ணை மூடிக்கொண்டு சொல்லலாம். மலரின் ஆட்கள் இடது பக்கத்தில் இரண்டு வரிசைகளை நிரப்பியிருந்தார்கள். மாமிமார் எல்லோரும் குளிர்மேலங்கியைக் கழற்றாமல் சண்டைக்கு வந்தவர்கள்போல் இருந்தார்கள்.

தேர்தலை நடத்தியவர் போசகர் ஐயாதான். பெட்டி வைத்து இரகசியமாக வாக்கெடுங்கள் என்று நான் கேட்டேன். ஒரு ஊர்ச் சனம் பெட்டி வைத்து வாக்குப் போட்டால் வெளியில் வெட்கம் என்றார். சரி, கை உயர்த்துவதற்கு முன் நான் ஒரு விளக்கம் சொல்ல வேண்டும், மைக்கைத் தாருங்கள் என்றேன். மலரின் உறவினர்கள் எனக்கு வாக்களிக்க மாட்டார்கள், அதற்குக் காரணம் இது என்று முதலே எல்லோருக்கும் சொல்லிவிடுவதுதான் என் எண்ணம்.

"போட்டியிலை நிக்கிற ஆக்கள் பேசிற வழக்கம் இல்லைப் பிள்ளை" என்றார்.

வழக்கம். போட்டியே நடந்திராத பதவிக்கு எங்கிருந்து வழக்கம் வந்ததோ தெரியவில்லை. வாய்விட்டுக் கேட்டேன். மண்டபத்தில் சிரிப்புத்தான் கிடைத்தது, மைக் கிடைக்கவில்லை.

முதலில் சிவனேசனுக்குக் கை உயர்த்தச் சொன்னார்கள். வலது பக்கம் எழுந்தது, நடுவிலும் எழுந்தது. பிறகு எனக்கு. நான் எதிர்பார்த்ததைவிட அதிகம் பேர் உயர்த்தினார்கள், பின்னால் இருந்த சிலர் தலைவரைப் பார்த்துக்கொண்டே, தோளளவுக்கு மட்டும் உயர்த்தினார்கள். அவர்களை நான் மதிக்கிறேன். மலரின் இரண்டு வரிசைகளிலும் ஒரு கைகூட எழவில்லை. மலரின் மாமியார் கைகளை மடிக்குள் இறுக்கிக் கோர்த்துக்கொண்டு இருந்தார். சொன்ன சொல்லை இப்படிக் காப்பாற்றிய சனத்தை நான் அதற்கு முன்னும் பின்னும் காணவில்லை.

மண்டபம் முழுக்க அந்த இரண்டு வரிசைகளைத்தான் பார்த்தது. முதலில் குசுகுசுப்பு. பிறகு வலது பக்கத்திலிருந்து ஒரு குரல் வெளிப்படையாகவே சொன்னது:

"பாத்தியளே? அவவின்ரை ஆக்களே கணக்குப் பாக்க விடினமில்லை. மடியிலை கனம் இருக்கு."

மலர் எழும்பினார். "நாங்கள் பயத்திலை இருக்கேல்லை. அக்காதான் வேண்டாம் எண்டவ" என்றார். நானும் எழுந்து, ஓம், நான்தான் அப்படிக் கேட்டேன், பொருளாளரின் வாக்கில் கணக்காய்வாளர் வரக் கூடாது என்பதற்காகத்தான் கேட்டேன் என்று மைக் இல்லாமலே கத்தினேன்.

தலைவருக்கு அது போதும். "அப்ப ரெண்டு பொம்பிளையளும் முதலே இருந்து பேசி வைச்சிருக்கினம்" என்றார் சிரித்துக்கொண்டு. மண்டபமும் சிரித்தது.

எண்ணிப் பார்த்தார்கள். நான் தோற்றேன். அந்த இரண்டு வரிசைகளில் ஒன்று உயர்ந்திருந்தாலே வென்றிருப்பேன் என்பது எல்லோருக்கும் தெரிந்தது. நிபந்தனை போட்டிராவிட்டால் என்ன என்று நீங்கள் கேட்பீர்கள். பலர் கேட்டுவிட்டார்கள். என் பதில் அன்றைக்கும் இன்றைக்கும் ஒன்றுதான். திரும்பவும் அதே நிபந்தனையைத்தான் போடுவேன். கை உயர்த்தாமல் இருந்தது அந்த மண்டபத்தில் நடந்த ஒரேயொரு நேர்மையான காரியம். அதைக் களவின் அடையாளமாகப் பார்த்த கண்கள்மேல்தான் நான் கோபப்பட வேண்டும். நீங்கள் அப்படியொரு இடத்தில் நின்றால், மைக்கைக் கேட்டுக்கொண்டு நிற்காதீர்கள். கூட்டத்துக்கு முதலே உங்கள் நிபந்தனையை எழுதி எல்லா வீட்டுக்கும் தபாலில் போடுங்கள்.

இனிமேல்தான் எனக்கு உண்மையில் தலை வெடித்த இடம். தேத்தண்ணி இடைவேளை விட்டார்கள். வடைத் தட்டுக்குப் பக்கத்தில், தட்டச்சில் அடித்திருந்த ஆண்டுக் கணக்கறிக்கையைத் தலைவர் சிவனேசன் முன் நீட்டினார். சிவனேசன் கடதாசித் துடைப்பானில் எண்ணெய்க் கையைத் துடைத்துவிட்டுக் கையெழுத்து வைத்தார். பற்றுச்சீட்டு ஒன்றையும் பார்க்கவில்லை. வங்கியிலிருந்து வந்த தாள் எதையும் கேட்கவில்லை. இடைவேளை முடிந்ததும் போசகர் ஐயா மைக்கில் அறிவித்தார், கணக்குகள் பரிசோதிக்கப்பட்டுச் சரியென உறுதிப்படுத்தப்பட்டன என்று.

சனம் கைதட்டியது. வடை சாப்பிடுவதற்கு முன் மடியில் கனம் என்று சொன்ன அதே சனம். தலைவரும் பெரிய மனதுக்காரராக எழுந்து நின்று தட்டினார். மலருக்கு நற்சான்று கிடைத்துவிட்டது, தாங்கள் பார்த்துக் கொடுத்த பிச்சை அது என்று அந்தக் கைதட்டலிலேயே கேட்டது.

சங்க யாப்பின்படி அந்த அறிக்கையில் பொருளாளரும் கையெழுத்து வைக்க வேண்டும். வைத்தால்தான் சபை ஏற்கலாம். ஐயா பேனாவை நீட்டினார். "வாரும் பிள்ளை. பழசை மறப்பம். உமக்கு நல்லதுக்குத்தானே."

மலர் மேசைக்கு வந்தார். பேனாவை வாங்கவில்லை. சிவனேசனைப் பார்த்துக் கேட்டார், "அண்ணை, நீங்கள் இதைப் பாத்தனீங்களோ?"

சிவனேசன் தலைவரைப் பார்த்தார். "தங்கச்சி, எனக்கு உம்மிலை நம்பிக்கை இருக்கு" என்றார்.

"நான் நம்பிக்கையைக் கேக்கேல்லை." மைக் பக்கத்தில் இருந்ததால் மலர் சொன்னது மண்டபம் முழுக்கக் கேட்டது. "கள்ளி எண்டு சொல்லேக்கையும் நீங்கள் ஒருத்தரும் கணக்கைப் பாக்கேல்லை. இப்ப நல்லவள் எண்டு சொல்லேக்கையும் பாக்கேல்லை. பாக்காமல் வைச்ச கையெழுத்துக்குப் பக்கத்திலை என்ரை கையெழுத்து வராது."

யாரும் கைதட்டவில்லை. மலரின் மாமியார் எழுந்தார், இரண்டு வரிசையும் எழுந்தது. கதவைத் திறந்துகொண்டு எல்லோரும் குளிருக்குள் போனார்கள். நானும் அவர்களோடு போனேன். போகும்போது தலைவரிடம் ஏதோ சொன்னேன். அதை அச்சில் எழுத முடியாது.

கதை அங்கே முடிந்திருந்தால் இதை வீரக்கதையாகச் சொல்லலாம். முடியவில்லை. அடுத்த கிழமை சிவனேசன் சங்கத்தின் பற்றுச்சீட்டுகளும் வங்கித் தாள்களும் நிறைந்த ஒரு பெட்டியோடு என் மாடிக்கு வந்தார். மலர் அதை அவருடைய கடையில் கொண்டுபோய் வைத்து, இப்பவாவது பாருங்கோ என்று சொல்லிவிட்டுப் போயிருக்கிறார். மனிதருக்கு நித்திரை இல்லை, முகத்தில் தெரிந்தது.

"அக்கா, எனக்கு இதுகள் விளங்காது எண்டு உங்களுக்குத் தெரியும். நீங்கள் பாத்துச் சொல்லுங்கோ. சரியெண்டால் பாத்தனான் எண்டு நான் சொல்லுறன். ஆருக்கும் தெரியத் தேவையில்லை."

இந்த இடத்தை நன்றாக யோசித்துப் பாருங்கள். பெட்டி என் மேசையில் இருக்கிறது. ஒரு பின்னேரம் இருந்தால் பார்த்து முடித்துவிடுவேன். பார்க்க என் கை துடித்தது. அந்தப் பெண்ணின் பெயர் அதற்குள்தான் கிடக்கிறது. ஆனால் நான் பார்த்து, அவர் பார்த்ததாகச் சொன்னால், அதுவும் முதல் கையெழுத்தைப் போன்ற பொய்தான். இந்த முறை அதில் என் பங்கும் இருக்கும். நாளைக்கு யாராவது சிவனேசனிடம் ஒரு கேள்வி கேட்டால் அவர் விழிப்பார். சந்தேகம் இன்னும் ஊதிப் பெருத்துவிடும்.

"பாக்கிறன். ஆனால் என்ரை பேரிலை பாக்கிறன். நீங்கள் பதவியை விடுங்கோ, கூட்டத்தைக் கூட்டச் சொல்லுங்கோ, நான் எழுதினதை நானே வாசிக்கிறன்."

"சகலன் விடமாட்டார் அக்கா. வீட்டிலை பிரச்சினை வரும்."

"அப்ப பெட்டியைத் தூக்குங்கோ."

தூக்கிக்கொண்டு போனார். மாடிப்படியில் அவர் காலடி கேட்டபோது எனக்கு அழுகை வந்தது, ஆத்திரத்தில். அன்றே மார்க்கத்துக்குப் போய் மலரிடம் நடந்ததைச் சொன்னேன். என்மேல் பாய்வார் என்று நினைத்தேன். அவர் கீரை ஆய்ந்துகொண்டே இருந்தார்.

"ஒளிச்சுப் பாத்த கணக்கை நான் பிள்ளைக்கு எப்பிடி அக்கா சொல்லுறது?" என்றார் பிறகு. "எல்லாருக்கும் முன்னாலை சொன்னதை எல்லாருக்கும் முன்னாலைதான் எடுக்க வேணும்."

அடுத்த தெரிவில் மலரை நிர்வாகத்திலிருந்து எடுத்துவிட்டார்கள், ஏகமனதாக. அந்த ஆண்டுக் கணக்கு மட்டும் சபை ஏற்காமல் கிடந்தது. கிடக்கிறது. ஒவ்வொரு பொதுக்கூட்டத்துக்கும் மலர் வருவார். முன்வரிசையில் இருப்பார். கடைசியில், வேறு விடயங்கள் என்று வரும்போது எழும்பி நின்று ஒரேயொரு கேள்வி கேட்பார்: "நான் பொருளாளரா இருந்த வருசத்துக் கணக்கை எப்ப பாக்கப்போறியள்?" தலைவர்கள் மாறிவிட்டார்கள். பழைய தலைவர் செத்தும் போனார். கேட்கும்போது புதியவர்கள் ஒருவரையொருவர் பார்ப்பார்கள். பழையவர்கள், ஏன் உந்தப் பழங்கதை என்பார்கள். திருடி என்று பெயர் வாங்கியவர்தான் அந்தச் சங்கத்திலேயே கணக்குப் பாருங்கள் என்று கேட்கிற ஒரே ஆள். இதைவிட வேறென்ன சாட்சி வேண்டும் என்று நான் கேட்பேன். ஆனால் நான் அப்படிக் கேட்பது மலருக்குப் பிடிக்காது. அவருக்கு என் நம்பிக்கையும் தேவையில்லை. கணக்கைப் பார்க்க வேண்டும், அவ்வளவுதான்.

மகள் வளர்ந்து, கலியாணமும் கட்டி, அயக்ஸ் நகரில் இருக்கிறார். அம்மாவிடம் அவர் அந்தக் கேள்வியைத் திரும்பக் கேட்டதே இல்லையாம். "கேட்டிருந்தால் நல்லம்" என்று மலர் ஒருமுறை என்னிடம் சொன்னார்.

ஆகவே பிருந்தா, இதுதான் என் பதில். ஓம் என்று சொல்லுங்கள். ஆனால் ஏகமனதாக வராதீர்கள். உங்கள் மாமா, சித்தப்பா யாரும் நிர்வாகத்தில் இருந்தால் அவர்களைக் கை உயர்த்த வேண்டாம் என்று முதலே ஊருக்கெல்லாம் எழுத்தில் அறிவியுங்கள். கையெழுத்து மட்டும்தான் என்று சொன்னவர்களிடம், எந்த ஆண்டிலிருந்து தொடங்கட்டும் என்று கேளுங்கள். அவர்கள் முகத்தைப் பாருங்கள்.

மலர் இந்த முறையும் வருவார். முன்வரிசையில்தான் இருப்பார். இப்போது அவருக்கு முழங்கால் நோவு. கதிரையின் கையைப் பிடித்து எழும்பக் கொஞ்ச நேரம் எடுக்கும். அதைப் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, கூட்டம் இத்துடன் நிறைவு என்று அவசரமாக மைக்கில் சொல்லப் பழகி வைத்திருக்கிறார்கள். அவர் எழும்பி நிற்கும் வரைக்கும் அதைச் சொல்ல விடாதீர்கள்.